கைக்கு எட்டும் தூரம்

நம்முடைய நாவல்களிலும் சிறுகதைகளிலும் நோயாளிகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் அவர்கள் அதிக நாள் நோயாளிகளாக இருப்பதில்லை. கதாசிரியருக்கு அவசரம். இரண்டாவது அத்தியாயத்தில் இருமல் கேட்டதென்றால் எட்டாவது அத்தியாயத்துக்குள் அந்தப் பாத்திரம் செத்துப் போகவேண்டும், அல்லது சொஸ்தமாகி எழுந்து நடமாட வேண்டும். குடிகாரக் கணவனைத் திருத்துவதற்கும், பிரிந்துபோன அண்ணன் தம்பிகளைச் சேர்த்து வைப்பதற்கும், உயிலை மாற்றி எழுதுவதற்கும் நோய் உபயோகப்பட்டிருக்கிறது. இத்தனை காரியங்களைச் செய்து கொடுத்த நோய்க்கு ஒன்றே ஒன்றைச் செய்ய மட்டும் நாம் இடம் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் ஆற அமரப் பத்து வருஷம் தங்கியிருப்பதுதான் அது.

வாழ்க்கையில் பெரும்பாலான நோய்கள் அப்படித்தான் தங்குகின்றன. சர்க்கரை, இரைப்பு, முடக்குவாதம், பாரிசவாயுவுக்குப் பிறகு விழுந்துபோன ஒரு பக்கம், முதுகெலும்பு வலி, இவற்றோடு கூடவே வருகிற தூக்கமின்மை: இவையெல்லாம் சாகவும் விடுவதில்லை, எழுந்திருக்கவும் விடுவதில்லை. கதைக்கு வேண்டிய முடிவு இவற்றில் இல்லை. ஆகவே கதாசிரியர்கள் இவற்றின் பக்கம் போவதில்லை என்று நினைக்கிறேன்.

இந்த விஷயத்தை எனக்கு எடுத்துச் சொன்னவர் எந்த விமரிசகரும் அல்ல. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அவர் கணவர் இரும்பு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். ஒன்பது வருஷமாகக் கட்டிலோடு இருக்கிறார். இரவில் அவருக்குத் தூக்கம் கிடையாது. அவருக்கு இல்லாததனால் இந்த அம்மாளுக்கும் கிடையாது. அந்த நேரத்தில் நூல்நிலையத்துப் புஸ்தகங்களைப் படிக்கிறார். “தமிழ்க் கதைகளில் வியாதிக்காரர் படுத்திருக்கிற கட்டில் தெரிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருமே எழுதுவதில்லையே, ஏன்?” என்று கேட்டிருந்தார். கேட்டதோடு நிற்கவில்லை. தம் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான்களுக்கு ஒரு ஜாபிதாவும் எழுதியிருந்தார்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் மூடி போட்ட எவர்சில்வர் சொம்பு. கவிழ்த்து வைத்த டம்ளர். வாரத்துக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா. மூச்சுக்கு உறிஞ்சுகிற இன்ஹேலர். தைலப் புட்டி. மூக்குக் கண்ணாடி. கரண்ட் போனால் தேவைப்படுகிற டார்ச். கீழே விழாமல் இருக்க ஒயரைக் கட்டில் காலில் சுற்றி வைத்த செல்போன். தலையணைக்கு அடியில் பழைய துண்டு. கட்டிலுக்கு அடியில் மூடி உள்ள ஒரு வாளி. சுவரில் ஆணியடித்து மாட்டிய மஞ்சள் பையில் ஒன்பது வருஷத்து மருந்துச் சீட்டுகளும் எக்ஸ்ரே படங்களும். கடைசியாக ஒரு ஸ்பூன். “அந்த ஸ்பூனுக்குச் சாப்பாட்டு வேலை இல்லை. ராத்திரி நான் கண் அசந்துவிட்டால் டம்ளரில் தட்டி எழுப்புவதற்கு. இதுவரை இரண்டு டம்ளர் நசுங்கியிருக்கிறது” என்று எழுதியிருந்தார்.

இந்த ஜாபிதாவை இலக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் கதைகளில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. காலம் இருக்கிறது. ‘ஒன்பது வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார்’ என்று ஒரு நாவலாசிரியர் எழுதினால் வாசகருடைய கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். நசுங்கின இரண்டு டம்ளரைத் தாண்டிப் போக முடிகிறதா? எத்தனை இரவு, எத்தனை தட்டு, எத்தனை தடவை அந்த அம்மாள் எழுந்திருந்திருப்பார் என்று மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. நீண்ட நோயை எழுத விரும்புகிறவர் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

•

தூக்கம் வராத இரவு தமிழுக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. குறுந்தொகையில் பதுமனார் பாடிய 6ஆம் பாட்டில் நடுநிசியில் உலகமெல்லாம் உறங்குகிறது. ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். அதே நூலில் ஔவையார் பாடிய 28ஆம் பாட்டில், தன் நோயை அறியாமல் நிம்மதியாகத் தூங்கும் ஊரின்மேலேயே ஒருத்திக்கு ஆத்திரம் வருகிறது. தூக்கமின்மையால் அவஸ்தைப்பட்ட யாரைக் கேட்டாலும் அந்த ஆத்திரம் எவ்வளவு நிஜம் என்று சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் கேட்கிற குறட்டையைப் போல மனிதனை அவமானப்படுத்துவது வேறில்லை.

ஆனால் அந்தப் பாட்டுகளில் ‘நோய்’ என்றால் காதல் நோய். அதற்கு மருந்து ஒரே ஒரு ஆள். அவன் வந்துவிட்டால் தீர்ந்துபோகும். இரண்டாயிரம் வருஷமாக நம்முடைய இலக்கியத்தில் தூக்கம் வராதவர்கள் பெரும்பாலும் வாலிப வயசுக்காரர்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். மூட்டு வலியினால் தூங்காத ஒரு கிழவிக்கு இந்தப் பெரிய மரபில் முழங்கால் நீட்ட இடமில்லை.

கும்மிடிப்பூண்டி மாதிரி ஊரில் ஔவையாரின் குறை தலைகீழாக மாறிவிடுகிறது. அங்கே ஊர் தூங்குவதில்லை. சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்குகிற ஆலைகளும் கம்பியாக உருட்டுகிற ஆலைகளும் ஷிப்டு வைத்து நடக்கின்றன. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்தவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுத் தூக்குடன் வேலைக்குப் போகிறார்கள். கல்கத்தாவுக்குப் போகிற நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. விடிவதற்கு முன்னாலேயே சென்னைக்குப் போகும் மின்சார ரயில் கூவுகிறது. எல்லோரும் விழித்திருக்கிறார்கள், ஆனால் வேலை செய்துகொண்டு விழித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதே ஷிப்டுக்குப் போய்வந்தவர், ஷிப்டு மாறுகிற சத்தத்தைக் கட்டிலில் படுத்தபடியே கேட்கிறார் என்றால் அந்த விழிப்புக்கு என்ன பெயர் வைப்பது? சங்கப் புலவர்களிடம் அதற்குத் துறை இல்லை. புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும்.

தூக்கம் வராதவர்களுக்கு டாக்டர்கள் சொல்கிற புத்திமதி ஒன்று உண்டு. படுக்கையைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ. அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுக் கண் சொக்கும்போது திரும்பி வா என்பார்கள். நல்ல புத்திமதி; பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் இதற்குள் வேறு அறை ஒன்று இருக்கிறது. எழுந்து நடக்கக் கால்கள் இருக்கின்றன. ஒற்றை அறை வீட்டில் கட்டில்தான் கூடம், சாப்பாட்டு அறை, பேரன் பாடம் படிக்கிற இடம். பகல் முழுவதும் அதில் கழித்தவர் ராத்திரி புதிதாகப் படுக்கைக்குப் போவது எப்படி? ஒரு நாவலுக்கு வேண்டிய சங்கடம் இந்த ஒரு மருத்துவச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

•

கும்மிடிப்பூண்டி அடங்கிய ஜில்லாவுக்குப் பெயர் கொடுத்த திருவள்ளூரில், படுக்க இடம் கேட்டு வந்த ஒருவருடைய கதை தலபுராணமாகவே இருக்கிறது. சாலிஹோத்திர முனிவரிடம் பெருமாள் ஒரு கிழவராக வந்தார். பசி என்றார், முனிவர் தமக்கென்று வைத்திருந்ததையும் கொடுத்தார். சாப்பிட்ட களைப்பு தீரப் படுக்க எந்த உள் என்று கேட்டார். ‘எவ்வுள்’ என்று ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள். கிழவர் படுத்த இடத்திலேயே பெருமாள் இன்றும் கிடந்த கோலத்தில் இருக்கிறார். வலது கை முனிவர் தலைமேல் இருக்கிறது. அவருக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். தீராத நோய்க்காரர்கள் தேடி வருகிற சந்நிதி அது. அமாவாசைக்கு முதல்நாளே வந்து இரவு தங்கிக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

அவர்கள் கொண்டு வருகிற பொருள்களைப் பார்க்க வேண்டும். குளத்தில் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதி கரையவேண்டும் என்று. உப்பும் மிளகும் சேர்க்கிறார்கள். கை, கால், கண் என்று வெள்ளித் தகட்டில் உருவம் செய்து போடுகிறார்கள். இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் விஷயம். நான் கவனிப்பது இதிலுள்ள ஒரு சாமர்த்தியத்தை. உருவமில்லாத வலிக்கு இந்த ஜனங்கள் ஒரு உருவம் கொடுக்கிறார்கள். கையில் பிடித்துக்கொள்ள ஒரு கனம் கொடுக்கிறார்கள். பாட்டும் கதையும் செய்யவேண்டிய காரியத்தை ஒரு வெல்லக்கட்டி செய்துவிடுகிறது.

இதே ஜில்லாவில் டாக்டர்களும் நோயைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். பி.ஸி.ஜி. ஊசி க்ஷயரோகத்தைத் தடுக்கிறதா என்று பார்க்க 1968இல் ஆரம்பித்த பெரிய பரிசோதனை, அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில்தான் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுப்பதில்லை என்று தெரிய வந்தது. உலகமெங்கும் மருத்துவர்கள் படித்த விஷயம் இது. அந்தக் கிராமங்களில் எத்தனை வீட்டுத் திண்ணையில் யார் இருமிக்கொண்டு கிடந்தார்கள் என்று எண்ணிக்கையில் எழுதியாகிவிட்டது. கதையில் எழுதினவர் உண்டா?

•

ஒருவர் உண்டு என்று சொல்லலாம். ஆனால் அவர் எழுதியது திருவள்ளூரைப் பற்றியல்ல, சென்னையைப் பற்றி. புதுமைப்பித்தன் 1943இல் ‘கலைமக’ளில் எழுதிய ‘செல்லம்மாள்’ கதையைத்தான் சொல்கிறேன். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக இருக்கிற பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு நடத்துகிற குடித்தனம்தான் கதை. அவரே சமைக்கிறார், அவரே வெந்நீர் போடுகிறார், அவரே மருந்து கொடுக்கிறார், பிறகு கடைக்கு ஓடுகிறார்.

இந்தக் கதையின் உத்தியைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. செல்லம்மாள் இறந்து போவதைக் கதையின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார் ஆசிரியர். ‘பிழைப்பாளா, மாட்டாளா’ என்று வாசகர் பக்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியத்தை முதலிலேயே ஒழித்துவிட்டார். முடிவு தெரிந்துபோன பிறகு மிச்சமிருப்பது என்ன? நோயோடு இருந்த நாட்கள். அடுப்பு, வெந்நீர், மயங்கிக் கிடப்பவள் மூக்கருகில் பிடிக்கிற கரித்த சுக்கின் புகை, கடையிலிருந்து அவளுக்குக் காட்டக் கொண்டு வருகிற சேலைகள். இவைதாம் கதை. சாவை முன்னால் போட்டதனால் வாழ்வு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீண்ட நோயை எழுத நினைக்கிறவர்களுக்கு இது பெரிய பாடம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, வைத்தியன், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கைச் சேர்த்துச் சொல்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருக்கிறவன் உழைச்செல்வான். பிரமநாயகம் பிள்ளையைப் போல அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான பாத்திரம் தமிழ்ப் புனைகதையில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஓர் ஆணை வைத்ததும் புதுமைப்பித்தனின் துணிச்சல். நம் வீடுகளில் உழைச்செல்வான் அநேகமாக ஒரு பெண். அவளுக்கு அந்தப் பட்டமும் கிடைப்பதில்லை.

ஆனால் இவ்வளவு சிறந்த கதையிலும் நாம் நிற்பது பிள்ளையின் பக்கத்தில். அவர் கை செய்வதெல்லாம் தெரிகிறது. அவர் கடைக்குப் போன பிறகு, பகல் முழுவதும் செல்லம்மாள் கைக்கு என்ன எட்டியது, என்ன எட்டவில்லை என்பது தெரிவதில்லை. படுத்திருக்கிறவளின் பக்கத்திலிருந்து பார்த்த கதை ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதியவரும் 1948இல் க்ஷயரோகத்தில் இறந்து போனார். அந்தப் பாக்கியை வசூலிக்க நமக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

•

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இதற்கு சினிமாவும் ஒரு காரணம். 1962இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ மிகவும் நல்ல படந்தான். ஆனால் அதில் நோய் எதற்கு வருகிறது? கணவன், மனைவி, அவளுடைய பழைய காதலனான டாக்டர் ஆகிய மூவரையும் ஒரே கூரைக்குக் கீழே நிறுத்தி மனசைப் பரீட்சை செய்வதற்கு. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒரு மேடை. மேடையில் எல்லாச் சாமானும் வெள்ளையாக, சுத்தமாக, யாரோ வைத்தவையாக இருக்கும். அங்கே ஸ்பூனால் டம்ளரைத் தட்ட வேண்டாம். மணி இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால், கதைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் மருத்துவம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் 1928இல் ஏற்பட்ட சானடோரியத்தைப் போல, க்ஷயரோகிகளை ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைப்பதுதான் அதுவரை சிலாக்கியம் என்று கருதப்பட்டு வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையம், ஏழை வீட்டு நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மற்றதற்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் க்ஷயரோக வைத்தியம் வீட்டுக்கு வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இப்போது 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நோய் இருக்கிற இடம் வீடு என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. நாவலாசிரியர் இன்னும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கொண்டிருக்கிறார்.

•

படுத்திருக்கிறவரின் பக்கத்திலிருந்து எழுதினவர் ஒருவரை ஜப்பானில் பார்க்கலாம். மஸோகா ஷிகி என்ற கவிஞர், ஹைக்கூவுக்குப் புத்துயிர் கொடுத்தவர். 1867இல் பிறந்தவர், முதுகெலும்பில் க்ஷயம். கடைசி வருஷங்களில் எழுந்திருக்கவே முடியவில்லை. 1902இல், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரையில், ‘ஆறடிப் படுக்கை’ என்ற பொருள்படும் தலைப்பில் பத்திரிகைக்குத் தொடர்ந்து எழுதினார். அந்த ஆறடியே தமக்குப் பெரிது என்கிற மாதிரி ஆரம்பிக்கிறார். கையை நீட்டிப் பாயைத் தொடுவதே சிரமமாக இருந்த உடம்பு அது.

இவர் படுக்கையைச் சுற்றி இருந்த பொருள்கள் இன்றைக்கும் நமக்குத் தெரியும். மடங்கிப்போன இடது முழங்கால் நுழைவதற்காக ஓரத்தில் வெட்டிவிடப்பட்ட ஒரு சிறு மேஜை. தோட்டம் தெரியவேண்டும் என்று 1899இல் நண்பர்கள் போட்டுக்கொடுத்த கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே பீர்க்கு இனத்துக் கொடிப் பந்தல். அந்தக் கொடியின் நீரைக் கபத்துக்கு மருந்தாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். சாவுக்கு முன் எழுதிய கடைசிக் கவிதைகளும் அந்தக் கொடியைப் பற்றியவைதாம். வெட்டின மேஜையை யோசித்துப் பாருங்கள். மேஜைக்கு மனிதன் வளைந்து கொடுத்தது போய், மனிதனுக்கு மேஜை வளைந்து கொடுத்திருக்கிறது. ‘அவர் மிகவும் கஷ்டப்பட்டார்’ என்ற வாக்கியத்தைவிட அந்த ஓட்டை அதிகம் பேசுகிறது.

1901இல் அவர் தமக்காக மட்டும் எழுதிவந்த குறிப்பில், வலி பொறுக்க முடியாத ஒருநாள் தாயாரைத் தந்தி கொடுக்க வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக இருந்ததைச் சொல்கிறார். எழுதுகோல் பெட்டியில் இருந்த ஒரு சிறு கத்தியும் துளையூசியும் அவர் கண்ணில் படுகின்றன. மனசு அவற்றிடம் போகிறது, பயமும் வருகிறது. தாயார் திரும்பி வந்துவிடுகிறார். ஷிகி அந்த இரண்டையும் படமாக வரைந்து வைத்தார். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள் சாதாரணப் பொருள் அல்ல என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். அன்றைக்கு அவற்றுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றது எந்தத் தத்துவமும் இல்லை. தாயாரின் காலடிச் சத்தம்.

அதே குறிப்பில் தம்மைப் பராமரித்த தங்கையைப் பற்றி மிகவும் கடுமையாக எழுதுகிறார், இரக்கமில்லாதவள் என்கிறார். அவள் இல்லாவிட்டால் தமக்கு ஒரு நாளும் நடக்காது என்றும் எழுதுகிறார். இரண்டும் நிஜம். நம் கதைகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை உடனே தியாகியாக்கிக் கும்பிட்டு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். ராத்திரி மூன்றாவது தடவை ஸ்பூன் சத்தம் கேட்கும்போது அவள் மனசில் என்ன ஓடுகிறது? அந்த ஸ்பூனைத் தூக்கி எறியவேண்டும் என்று ஒரு கணம் தோன்றாதா? தோன்றின பிறகும் எழுந்துதான் போகிறாள். அந்தக் கணத்தை மறைத்துவிட்டால் அவள் எழுந்து போனதற்கு மதிப்பில்லாமல் போகிறது.

•

பொருள்களை அடுக்கிவிட்டால் போதுமா என்று கேட்கலாம். போதாது. மருந்துப் புட்டிகளின் பெயரையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டு யதார்த்தம் என்று பெயர் வைக்கிற எழுத்தும் உண்டு. அது மருந்துக்கடை ரசீது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளைப் பற்றி ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அது எப்படி இருக்கிறது என்பதல்ல. கைக்கு எட்டுகிறதா என்பதுதான். தண்ணீர்ச் சொம்பு ஒரு சாண் தள்ளிப்போனால் வீட்டின் அரசியலே மாறிப்போகிறது. எட்டினால் அவர் குடிப்பார், எட்டாவிட்டால் கேட்பார். தானாகக் குடிப்பவருக்கும் கேட்டுக் குடிப்பவருக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஒரு சாண்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நோயாளியைப் பார்க்கச் சொந்தக்காரர் வருகிறார். உட்கார இடமில்லை. ஸ்டூலின் மேலிருந்த சாமான்களை மரியாதையாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு உட்காருகிறார். ஆரஞ்சுப் பழம் கொடுக்கிறார். அரைமணி நேரம் அன்பாகப் பேசுகிறார். தமக்குத் தெரிந்த இன்னொரு வைத்தியர் பெயரைச் சொல்கிறார். போய்விடுகிறார். சாமான்கள் ஜன்னல் ஓரத்திலேயே இருக்கின்றன. நிசியில் மூச்சு முட்டுகிறது. இரைப்புக்காரர்களுக்குப் பின்னிரவில்தான் அது ஜாஸ்தி. இருட்டில் ஒரு கை ஸ்டூலைத் தடவுகிறது. அங்கே ஆரஞ்சுப் பழந்தான் இருக்கிறது. இதைவிடப் பெரிய சம்பவம் ஒரு கதைக்கு வேண்டுமா? இதில் வில்லன் யாருமில்லை, கொலை இல்லை, அன்புகூட இருக்கிறது. இருந்தும் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

பத்திரிகாசிரியர்கள் இதற்கு ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். வாசகருக்கு வீட்டில் இருக்கிற கஷ்டம் போதாதா, கதையிலும் அதுவே வேண்டுமா என்பார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பொழுது போகவேண்டும் என்று படிப்பது தப்பில்லை. ஆனால் இரவெல்லாம் விழித்திருக்கிறவர்களைப் போல நல்ல வாசகர்கள் யார்? அவர்களுக்கு மாமல்லபுரத்துச் சிற்பியின் காதல் கதையும் வேண்டியிருக்கிறது. நடுநிசியில் தம் வீட்டு அறையைச் சரியாகப் பார்த்த ஒரு கதையும் வேண்டியிருக்கிறது. பரிதாபப்படுகிற கதை ஆறுதல் தருவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பரிதாபம் தாராளமாகக் கிடைக்கிறது. சரியாகப் பார்த்தது என்ற நம்பிக்கைதான் அபூர்வம். தவிரவும் அந்த வீடுகளில் அழுகை மட்டும் இருப்பதாக நினைப்பது, பார்த்தறியாதவர்களின் கற்பனை. பத்து வருஷ நோய்க்குள் எத்தனை கேலி, எத்தனை சில்லறைச் சண்டை, டாக்டரைப் பற்றி எத்தனை பரிகாசம்! புதுமைப்பித்தன் மாதிரி கைப்பும் சிரிப்பும் கலந்த பேனா இருந்தால் அந்த அறையில் விளையாடலாம்.

தமிழில் இப்படி ஒரு நாவல் வரவேண்டும். முதல் அத்தியாயத்தில் இருக்கிற அதே கட்டிலில் கடைசி அத்தியாயத்திலும் அதே ஆள் படுத்திருக்கட்டும். செத்துப் போகவும் வேண்டாம், எழுந்து நடக்கவும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே ஷிப்டு மாறட்டும், லாரி போகட்டும், ரயில் கூவட்டும். நடுவில் முந்நூறு பக்கமும் அந்த ஸ்டூலின்மேல் நடக்கட்டும்: எது வந்தது, எது போனது, எது ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டது, யார் அதைத் திரும்ப நகர்த்தி வைத்தார்கள்.

எழுத உட்காருகிறவர் முதலில் ஒரு காரியம் செய்யலாம். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கட்டிலில் மல்லாந்து படுத்து, எழுந்திருக்காமல் கையை மட்டும் நீட்டிப் பார்க்கட்டும். விரல் எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.